கூரையில்லாத காரும் கூரையில்லாத வீடும்

முத்தலிப் அதிபரின் காரை வாங்க வந்தவர்களில் மூன்று பேர் ஏற்கெனவே துரத்தப்பட்டுவிட்டார்கள். முதலாமவர் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்டார். இரண்டாமவர் சில்லைக் காலால் தட்டிப் பார்த்தார். மூன்றாமவர் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மரியாதைக் குறைவை அதிபரால் பொறுக்க முடியவில்லை.

அதெல்லாம் போன கிழமைகளின் கதை. இன்று சனிக்கிழமை நான்காமவர் வருகிறார். இவரும் போனால் மகள் பஸ்மினாவின் கல்யாணமும் கூடவே போய்விடும்.

காரணம் சுருக்கமானது. கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். பஸ்மினாவுக்கென்று தாயின் வளவுக்குள்ளேயே எழும்பிய வீடு, நாலு பக்கச் சுவரோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூரை போட இருந்த ஒரே வழி காரை விற்பது. கூரை நிச்சயம் என்று தெரிந்தால்தான் நிக்காஹ்வுக்கு நாள் குறிப்போம் என்று மாப்பிள்ளையின் தாய் சுபைறா சொல்லியிருந்தார். இரண்டு தரம் அட்டாளைச்சேனையிலிருந்து வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தரம் அண்ணாந்து பார்க்க இன்று பின்னேரம் வருகிறார்.

மாரி வேறு தொடங்கப் போகிறது. வீட்டில் இருந்த ஒரே தறப்பாள் காரை மூடிக் கிடந்தது.

"மகள்ட வீடு நனைஞ்சாப் பரவால்ல. அது நனையப்படா" என்று அதிபரின் மனைவி கைருன்னிஸா குசினி ஜன்னலால் சொன்னார். யாருக்கு என்று இல்லை. முப்பது வருடமாக அவர் அந்த ஜன்னலால் அப்படித்தான் கதைத்து வருகிறார்.

அதிபர் தறப்பாளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேட்டும் சப்பாத்தும் போட்டிருந்தார்.

அதிபர் என்று ஊர் சொல்வது ஒரு மரியாதைக்கு. அவர் பாடசாலையில் பிரதி அதிபராக ஓய்வு பெற்றவர். உண்மையான அதிபர் ஹஜ்ஜுக்குப் போயிருந்த காலத்தில் அந்தக் கதிரையில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அதிலிருந்து எழும்பவில்லை.

காரும் அப்படித்தான். அது கைருன்னிஸாவின் பெயரில் இருப்பது. அவருடைய தகப்பன், ஒரு தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போகும்போது ஏலத்தில் எடுத்து, மகளுக்குச் சீதனமாக எழுதியது. அந்தக் காரிலேதான் முத்தலிப் மாப்பிள்ளையாக ஊர்வலம் வந்து இறங்கினார். இறங்கிய நாளிலிருந்து அது அவருடைய பரம்பரைச் சொத்தாகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டின் ஸ்டூட்பேக்கர். அமெரிக்காவில் செய்தது. முன்னால் ஆகாயக் கப்பலுக்கு இருப்பது போல ஒரு கூர் மூக்கு. அதனால் ஊரில் அதற்கு மூக்கன் என்று பெயர். மடிக்கிற துணிக்கூரை. அந்தத் துணி கைருன்னிஸாவுக்குப் பல்லு விழும் வயதிலேயே உக்கிப்போக, கம்பிச் சட்டம் மட்டும் பின்னால் மடிந்தபடி துருப்பிடித்து இறுகிவிட்டது.

"வாப்பா, இண்டைக்கு ஒண்டும் கேக்க வேணாம்" என்றாள் பஸ்மினா. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பொறுமை அவளுக்குத் தொழில் முறையில் பழக்கம். "அவர் பாப்பார், பிடிச்சா எடுப்பார். நாம ஓம் எண்டா சரி."

"பொருளுக்குப் பாத்தியதை உள்ள ஆளா எண்டு பாக்க வேணாமா?"

"இணையத்துல போட்ட விளம்பரத்துல 'பரம்பரையை மதிக்கத் தெரிந்தோர் மட்டும்' எண்டு எழுதச் சொன்னீங்க. எழுதின. அதுக்குப் புறகும் நாலு பேர் வாறதே பெரிசு."

படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. வந்தவன் சுரேஸ், பாண்டிருப்புக்காரன். மட்டக்களப்பில் கல்யாணங்களுக்குப் பழைய கார்களைச் சோடித்து வாடகைக்கு விடுபவன். மூக்கனைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து கைருன்னிஸாவின் முகமும் மலர்ந்தது. அதிபரின் முகம் மட்டும் நேர்முகப் பரீட்சைக்குத் தயாரானது.

"தம்பிக்கு இது என்ன கார் எண்டு தெரியுமா?"

"ஸ்டூட்பேக்கர், சேர். மூக்கைப் பாத்தாத் தெரியுமே."

"பேரைக் கேக்கல்ல. பரம்பரையக் கேக்கன்."

சுரேஸ் காரைப் பார்த்தான். பஸ்மினாவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டாள்.

"எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா, சேர்?"

"ஸ்டார்ட் புறகு. முதல்ல வரலாறு."

சுரேஸ் பின் சீற்றுக்குக் குனிந்தான். மூக்கைச் சுருக்கினான். "ஒரு மணம் கிடக்கு."

"அந்தக் காலத்துத் தோல். அமெரிக்கத் தோல்."

"கருவாடு" என்றது குசினி ஜன்னல். "எங்கட வாப்பா பதுளைக்குக் கருவாடு ஏத்தின கார், தம்பி. கூரையத் திறந்து விட்டா மணம் நிக்காது எண்டுதான் அவர் இதை எடுத்தவர். மழைத் தண்ணி பட்டா மட்டும் கொஞ்சம் ஞாபகம் வரும்."

அதிபர் இருமினார். இருமல் முடிய ஒரு நிமிடம் எடுத்தது.

"இதைச் செஞ்ச குடும்பம் அமெரிக்காவுல பிரபுக் குடும்பம், தம்பி. அரச வம்சம் எண்டே சொல்லலாம்."

"அமெரிக்காவுல அரசன் இல்லயே, சேர்."

"இருந்திருந்தா இவங்கதான். மகள், அந்தக் கொம்பனிட வரலாறை வாசிங்க. தம்பிக்கு விளங்கத் தமிழ்ல."

"நீங்க முதல்ல வாசிச்சுப் பாருங்க எண்டு ரெண்டு தரம் தந்தன், வாப்பா."

"தெரிஞ்ச விசயத்த என்னத்துக்கு வாசிக்கிற?"

பஸ்மினா போனை எடுத்தாள். எத்தனையோ சுற்றறிக்கைகளை வாசித்த அதே குரலில் தொடங்கினாள்.

"ஸ்டூட்பேக்கர் சகோதரர்கள் அஞ்சு பேர். அவங்கட வாப்பா ஒரு கொல்லர்."

"இரும்புத் தொழிலதிபர்" என்று அதிபர் திருத்தினார்.

"கொல்லர், வாப்பா. ஆயிரத்து எண்ணூற்றி அம்பத்திரண்டுல மூத்தவங்க ரெண்டு பேர் ஒரு பட்டறை போட்டாங்க. லாடம் அடிச்சாங்க. வேகன் செஞ்சாங்க."

"வேகன் எண்டா ரயில்."

"ரயில் இல்ல. படம் கிடக்கு, பாருங்க."

போனைத் திருப்பிக் காட்டினாள். படத்தில் இருந்தது மரச் சில்லு, அதற்கு இரும்புப் பட்டம், முன்னால் நீட்டிய மரம், மேலே பலகைத் தட்டு. சில்லு இரண்டுக்குப் பதில் நாலு இருந்தது. மற்றபடி சம்மாந்துறை நெல் ஆலைக்கு முன்னால் மாட்டு வண்டிகளோடு நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"கரத்தை" என்றான் சுரேஸ். அவன் குரலில் இருந்தது முழுக்க முழுக்கச் சந்தோசம்.

"அம்பது வருசம் கரத்தைதான் செஞ்சிருக்காங்க" என்று பஸ்மினா தொடர்ந்தாள். "ராணுவத்துக்கும் குடுத்திருக்காங்க. ஒரு தம்பி தங்கம் தோண்டுற இடத்துக்குப் போய், அங்க தள்ளு வண்டில் செஞ்சு வித்திருக்கார். அந்தக் காசையும் கொண்டு வந்து போட்டுத்தான் கொம்பனி வளந்த. கார் எல்லாம் அதுக்குப் புறகுதான்."

"போதும்."

"நல்ல விசயம்தானே, சேர்" என்றான் சுரேஸ். "கரத்தைக்காரன் செஞ்ச சாமானெண்டா உறுதியா இருக்கும். நான் இதையே ஒரு விளம்பரப் போட்டுல அடிச்சுக் கல்யாண வீடுகள்ல வைப்பன். 'கரத்தையிலிருந்து—'"

"தம்பி" என்றார் அதிபர். "நீங்க போகலாம்."

"ஏன், சேர்?"

"என்ட காரைக் கரத்தை எண்ட ஆளுக்கு விக்க ஏலா."

"நான் எங்க சொன்ன? கொம்பனியெல்லோ சொல்லுது."

"கொம்பனி இப்ப இல்ல. நீங்க இருக்கீங்க. போங்க."

சுரேஸ் படலை வரை போய்த் திரும்பி, ஜன்னலைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "அம்மா, நான் பொழுதுபடுமட்டும் அக்காட வீட்டுலதான் நிக்கன். போன் கோல் எடுத்தா வருவன்."

குசினியில் கைருன்னிஸா கட்லட்டுக்கு மீனைப் பிசைந்த விதத்தைப் பார்த்தால் அந்த மீன் இன்னொரு தரம் செத்திருக்கும்.

"என்ன புடிச்சிருக்கு உம்மா, வாப்பாக்கு?"

"கரத்தை புடிச்சிருக்கு."

"விளங்கல்ல."

கைருன்னிஸா கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "உன்ட வாப்பாட வாப்பா சம்மாந்துறையில கரத்தைக்காரன். வயல்லருந்து மில்லுக்கு நெல்லேத்தினவர். அந்தக் கரத்தை உழைச்சுத்தான் இவர் படிச்ச."

பஸ்மினாவின் கையில் இருந்த உருண்டை பாதியில் நின்றது. "ட்ரான்ஸ்போட் பிஸ்னஸ் எண்டுதானே…"

"அது கல்யாணம் பேசின நேரம் சொன்ன. எங்கட வாப்பா எத்தனை லொறி எண்டு கேட்டிருக்கார். இவர், 'எண்ணிப் பாக்கல்ல' எண்டாராம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு அடுத்த கிழமை. மாமா, இவர்ட வாப்பா, எங்களுக்கு அரிசி கொண்டு வந்தார். கரத்தையிலதான் வந்து எறங்கின. தங்கமான மனுசன். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் அவர் குடிப்பார்."

"அதுக்குப் புறகும் ட்ரான்ஸ்போட்டா?"

"இண்டுவரைக்கும். நானும் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கிட்டு இருக்கன்."

"ஏன் உம்மா?"

கைருன்னிஸா உருண்டையைத் தட்டையாக்கி ரஸ்க் தூளில் போட்டார். "வீடு என்ட. வளவு என்ட. கார் என்ட. வந்து குடியிருக்கிற மனுசனுக்கு ஒரு லொறியாவது இருக்கட்டும் எண்டுதான்."

பின்னேரம் சுபைறா வந்தார். அவர்களுடைய காரை ஓட்டி வந்தவன் மகன் ஸப்ரி, மாப்பிள்ளை. கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவன் இந்த வீட்டில் பேசிய சொற்களை ஒரு கை விரல்களில் அடக்கலாம். எல்லாம் "ஓம் மாமி". பஸ்மினாவுக்கு வட்சப்பில் அனுப்புவது வேறு கணக்கு.

சுபைறா நேராகப் புது வீட்டுக்குள் போனார். அண்ணாந்தார். மேலே ஒரு கருமேகமும் சுவர் விளிம்பில் ஒரு காகமும் இருந்தன.

"மாஷா அல்லாஹ்" என்றார். "காத்தோட்டம் நல்லா இருக்கு."

"கூரை வரும், ராத்தா. ஒரு கிழமை" என்றார் கைருன்னிஸா.

"போன தரமும் ஒரு கிழமை எண்டுதான் சொன்ன. காகம் மட்டும்தான் குடிவந்திருக்கு."

இந்த இடத்தில் அதிபர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். அவர் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, கூரை என்ன கூரை. எங்கட காரை நீங்க சரியாப் பாக்கல்லயே?"

பஸ்மினா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிபர் காட்டினார். மூக்கைக் காட்டினார். முன்னாலும் பின்னாலும் இருந்த நிக்கல் பூச்சைக் காட்டினார். காலையில் பட்ட அடிக்குப் பிறகு வரலாற்றை வெட்டிக் கொத்திச் சீராக்கி வைத்திருந்தார். "அமெரிக்காவுல போக்குவரத்துத் துறையையே நூறு வருசத்துக்கு மேல ஆண்ட குடும்பம், தங்கச்சி. சகோதரர்கள் அஞ்சு பேர். ராணுவத்துக்கே வாகனம் குடுத்தவங்க. எங்கட குடும்பமும் போக்குவரத்துத் துறைதானே. அதால ஒரு பொருத்தம்."

சுபைறா முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தடவினார். கண்ணாடியில் முக்காட்டைச் சரிசெய்தார். இறங்கும்போது அவர் வேறு ஆளாக இருந்தார்.

தேத்தண்ணி வந்தது. கட்லட் வந்தது. சுபைறா ஒரு கடி கடித்துவிட்டுச் சொன்னார்:

"கூரை ஆறுதலா வரட்டும், சேர். இப்போதைக்குத் தகரம் எண்டாலும் போடலாம். காரை மகன்ட பேருக்கு எழுதிருங்க."

காகம் மட்டும் ஏதோ சொன்னது.

"உம்மா, எனக்குக் கார் வேணா" என்றான் ஸப்ரி.

"நீ சும்மா இரி. உனக்கு என்ன வேணும் எண்டு உனக்கு என்ன தெரியும்? சேர், அஞ்சு ஊரு கூடிப் பாக்கிற மாதிரி அதுலதான் மாப்பிள்ளை வரோணும். ஊர்ல எல்லாருக்கும் கார் இருக்கு. பரம்பரை உள்ள கார் யாருக்கு இருக்கு?"

காரைச் சும்மா எழுதிக் கொடுத்தால் கூரை இல்லை. கூரை இல்லாத வீட்டில் மகள் இல்லை. இந்தக் கணக்கு அதிபருக்கும் தெரிந்தது. காலையில் காசோடு வந்தவனைத் தானே அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. கைருன்னிஸா தலையை ஒரு பக்கம் சரித்துக் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஜன்னல் இல்லாமல் நேரில் சந்திப்பது அவருக்குப் புதிது.

"வாப்பா" என்றாள் பஸ்மினா. "கொம்பனிட வரலாறை முழுசாச் சொல்லுங்க."

அதிபர் கோப்பையை வைத்தார். "அது வந்து, தங்கச்சி… அவங்க ஆரம்பத்துல கரத்தை செஞ்ச ஆக்கள்."

"வெள்ளைக்காரன் கரத்தை செஞ்சா அது கொம்பனிதானே, சேர்."

"தகப்பன் கொல்லன்."

"அமெரிக்கக் கொல்லன்."

"கார்ல கருவாடு ஏத்தினது."

"கருவாடு திங்காத ஆக்கள் இஞ்ச யாரு?"

"ஸ்டார்ட் ஆகாது. தள்ளோணும்."

"எங்கட்ட ஆள் கிடக்கு, தள்ளுறதுக்கு."

அதிபர் நிமிர்ந்தார். சேட்டின் மேல் பொத்தானைத் தடவிப் பார்த்தார், அது பூட்டித்தான் இருந்தது. பிறகு, பாடசாலைக் காலைக் கூட்டத்தில் பேசுவது போல உரத்துச் சொன்னார்:

"தங்கச்சி, என்ட வாப்பா கரத்தைக்காரன்."

சுபைறாவின் கட்லட் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"தரகர் ட்ரான்ஸ்போட் எண்டெல்லோ சொன்ன?"

"ட்ரான்ஸ்போட்தான். ஒரு கரத்தை. செவலை, மயிலை எண்டு ரெண்டு மாடு." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "மயிலை நல்ல மாடு. செவலைதான் சொல்வழி கேக்காது. இந்தக் காரை நீங்க எடுத்தா, கரத்தைக்காரன்ட மகன் குடுத்த கார் எண்டுதான் அட்டாளைச்சேனை முழுக்கக் கதைக்கும். உங்கட விருப்பம்."

சுபைறா கட்லட்டைத் தட்டில் வைத்தார். ஸப்ரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறானா என்று கைருன்னிஸா எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"அஸர் தொழுகை தப்பப் போகுது" என்றார் சுபைறா. "நாங்க யோசிச்சுச் சொல்றம். காரும் வேணா."

அவர்கள் போன தூசி அடங்கு முன்பே கைருன்னிஸா சுரேஸுக்குக் கோல் எடுத்தார்.

அவன் ஓர் உழவு மெசினோடு வந்தான். ஸ்டார்ட் ஆகாது என்பதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைருன்னிஸா கையெழுத்துப் போட்டார். அதிபர் பேனை கொடுத்தார். அவருடைய பங்கு அவ்வளவுதான் என்று பஸ்மினா நினைத்தாள்.

"பிரேக் என்ட காலுக்கு மட்டும்தான் கேக்கும்" என்று அதிபர் முன் சீற்றில் ஏறிக்கொண்டார்.

கயிறு இறுகியது. உழவு மெசின் இழுக்க, மூக்கன் பின்னால் அசைந்து அசைந்து படலையைத் தாண்டிப் பெரிய றோட்டில் ஏறியது. வெள்ளைச் சேட்டோடு, தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல், அதிபர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். ஊர் கடை வாசலுக்கு வந்து நின்று பார்த்தது.

"எங்க அதிபர், இப்பிடி?" என்று பலசரக்குக் கடை ஜவுபர் ஹாஜியார் கேட்டார்.

"பாண்டிருப்புக்கு" என்றார் அதிபர். "ட்ரான்ஸ்போட்."

முதல் துளி அப்போதுதான் விழுந்தது.

தாயும் மகளும் தறப்பாளை இழுத்துக்கொண்டு புது வீட்டுக்கு ஓடினார்கள். கூரை வரும் மட்டும் சீமெந்து மூட்டைகளையாவது காப்பாற்ற வேண்டும். தறப்பாள் ஒரு சுவரில் இருந்து மற்றச் சுவருக்கு எட்டவில்லை; அது கார் அளவுக்கு வெட்டியது. மூன்றாம் மூலையைப் பிடிக்க ஆள் இல்லாமல் கைருன்னிஸா திட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கை நீண்டு அதைப் பிடித்தது.

ஸப்ரி. அரைவாசி நனைந்திருந்தான்.

"உம்மாட குடைய விட்டுட்டுப் போன, மாமி. எடுக்க வந்தன்."

"உம்மா எங்க?"

"சாய்ந்தமருதுல சாச்சிட வீட்டுல. கோவமா இருக்காங்க." தறப்பாளை இழுத்துக் கல் வைத்தான். அந்த வீட்டில் அவன் இவ்வளவு பேசுவது முதல் தரம். "தரகர் எங்கட வாப்பாட வாப்பாவப் பத்தி உங்கட்ட என்ன சொன்ன?"

"அம்பாறை முழுக்கக் காணி எண்டு" என்றாள் பஸ்மினா.

ஸப்ரி இல்லை என்று தலையை ஆட்டினான். மழைத் தண்ணி மூக்கால் வடிந்தது.

"ஏன்?" அவள் தறப்பாளின் மூலையை விட்டுவிட்டாள். "அவரும் கரத்தையா?"

"கரத்தையெண்டாப் பரவால்லயே" என்றான்.